பிறந்த மண்ணில் அந்நியன்: வொங் கிம் ஆர்க்

எங்கட ஆட்களுக்குள் ஒரு பிள்ளை பிறந்தால், ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பிள்ளை யாருடைய சாயல் என்று. அடுத்த கேள்வி, பிள்ளைக்கு எந்த நாட்டுப் பாஸ்போட் என்பது. ஊரில் எமது ஆச்சிமார் ஒருநாளும் கேட்டறியாத கேள்வி இது. கனடாவில் பிறந்த அகதியின் பிள்ளை பிறந்த அன்றே அந்நாட்டுப் பிரஜை. சுவிஸிலும் நோர்வேயிலும் அப்படியில்லை. அங்கே பெற்றோரின் பிரஜாவுரிமையைத்தான் பார்ப்பார்கள். பிரித்தானியாவும் 1983 ஜனவரி 1 முதல், பிறந்த இடம் மட்டும் போதாது என்று சட்டத்தை மாற்றிவிட்டது.

இந்தக் கேள்விக்காக நூறு வருடங்களுக்கு மேல் முன்னர் கோட்டுப்படி ஏறிய ஒரு சமையற்காரரின் கதையை இப்புத்தாண்டு மலரில் சொல்ல விரும்புகிறேன். அவர் தலைவரும் அல்ல, பேச்சாளரும் அல்ல. ஆனாலும் அமெரிக்காவில் சட்டம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் தெரியும்.

வழக்குப் பதிவுகளின்படி, வொங் கிம் ஆர்க் 1873ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் சக்ரமென்ரோ வீதி 751ஆம் இலக்கத்தில் பிறந்தார். தகப்பன் வொங் சி பிங், தாய் லீ வீ. தென்சீனாவிலிருந்து வந்து வியாபாரம் செய்து பிழைத்த குடும்பம். சீனர்கள் அமெரிக்காவில் தங்கம் தோண்டினார்கள், 1869ல் முடிந்த பெரிய ரயில்பாதைக்கு மலை குடைந்தார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் வேண்டாதவர்களாகிவிட்டார்கள். 1882ல் வந்த சட்டம் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடை செய்தது. ஏற்கனவே குடியிருந்த சீனர்களும் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் பிரஜையாக முடியாது என்று அதே சட்டம் எழுதி வைத்தது.

வொங் சிறு வயதிலேயே குசினி வேலைக்குப் போனார். எங்கட பொடியங்கள் பலர் இங்கே ரெஸ்ரோறன்ற் குசினிகளில் தொடங்கியது போலத்தான். 1890ல் பெற்றோர் சீனா திரும்பிவிட்டார்கள். வொங்கும் போய்க் கலியாணம் முடித்து, மனைவியை ஊரில் விட்டுவிட்டு அதே ஆண்டு தனியே திரும்பினார். இந்நாட்டில் பிறந்தவர் என்று அதிகாரிகள் அவரை இறங்க விட்டார்கள்.

1894 நவம்பரில் மீண்டும் புறப்பட்டார். இம்முறை முன்யோசனையாக, தான் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவன் என்று மூன்று வெள்ளையர்கள் கையெழுத்திட்ட பத்திரம் ஒன்றைத் தயார் செய்து கொண்டார். 1895 ஓகஸ்ட் மாதம் கொப்டிக் என்ற கப்பலில் திரும்பி வந்தபோது சுங்க அதிகாரி ஜோன் வைஸ் அவரை இறங்க விடவில்லை. இங்கே பிறந்தவன் என்பதைப் பற்றித் தகராறில்லை. தாய் தகப்பன் சீனச் சக்கரவர்த்தியின் குடிகள், ஆகவே பிள்ளையும் சீனன்தான் என்பதே அதிகாரியின் வாதம்.

கொப்டிக் திரும்பிப் போகும் நேரம் வந்ததும் அவரை வேறொரு கப்பலுக்கு மாற்றினார்கள். பிறகு இன்னொன்றுக்கு. இப்படி மாதக்கணக்காகக் கடலிலேயே வைத்திருந்தார்கள். கரையில் இறங்கினால் பிறந்த வீட்டுக்கு நடந்தே போகலாம். ஆனால் இறங்க வழியில்லை. விமான நிலையக் கண்ணாடி அறைகளில் காத்திருந்த எம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவர் கையில் பணமில்லை. ஆனால் பின்னால் சமூகம் இருந்தது. சான்பிரான்சிஸ்கோச் சீனர்கள் ஊர் ஊராகச் சங்கம் அமைத்து, அவற்றை ஒன்றாக இணைத்து ஆறு கம்பனிகள் என்ற பெயரில் நடத்தி வந்தார்கள். எமது ஊர்ச்சங்கங்கள் போல என்று வைத்துக்கொள்ளுங்கோ. அவர்கள்தான் தோமஸ் றியோர்டன் என்ற சட்டத்தரணியைப் பிடித்து ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். 1896 ஜனவரியில் நீதிபதி வில்லியம் மொரோ வொங்கின் பக்கம் தீர்ப்பளித்தார். 250 டொலர் பிணையில் அவர் கரையிறங்கினார். அரசாங்கம் விடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வாதம் முழுவதும் அரசியலமைப்பின் 14ஆவது திருத்தத்தைச் சுற்றியே நடந்தது. 1857ல் அதே உச்ச நீதிமன்றம், ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் அமெரிக்கப் பிரஜைகள் ஆக முடியாது என்று தீர்த்திருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868ல் வந்த திருத்தம் அந்த அநியாயத்தை நீக்கியது. அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எல்லோரும் பிரஜைகள் என்று அது சொன்னது. அந்த எல்லோருக்குள் சீனப் பிள்ளையும் அடங்குமா?

1898 மார்ச் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் வொங்குக்குச் சார்பு, இருவர் எதிர். தீர்ப்பை எழுதியவர் ஹொறஸ் கிறே. வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், படையெடுத்து வந்த எதிரியின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி பிறந்த மண்ணே பிரஜாவுரிமை தரும் என்பது அதன் சாரம். பிரதம நீதியரசர் புல்லர் இதை ஏற்கவில்லை. பெற்றோர் எந்த அரசுக்குக் கட்டுப்பட்டவர்களோ பிள்ளையும் அதற்கே என்பது அவர் கருத்து.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் தீர்ப்புப் புத்தகத்தில் இருக்கிறது, அதிகாரி தெருவில் நிற்கிறான். 1901ல் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில், களவாக வந்த சீனன் என்று வொங்கைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். யார் பெயரில் அந்தப் பெரிய தீர்ப்பு வந்ததோ, அவரே தன்னை நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. சீனாவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் படிவம், படம், சாட்சி. 1910ல் மூத்த மகன் வந்தபோது, விசாரணையில் பதில்கள் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்ரவியூவில் ஒரு திகதி பிசகியதால் கேஸ் றிஜெக்ட் ஆன கதைகள் எங்களிடமும் இருக்கின்றன அல்லவா? 1920களில்தான் மற்ற மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது. மனைவி ஒருநாளும் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை.

1931ல் வொங் வழக்கம்போலப் படிவம் நிரப்பிவிட்டுக் கப்பலேறினார். பிறகு திரும்பவேயில்லை. சீனாவிலேயே காலமானார். 1882ன் தடைச்சட்டம் 1943ல்தான் நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அவருடைய கடைசி மகன் அமெரிக்கப் படையில் சேவை செய்தார்.

அவரது தீர்ப்பு வந்து சரியாக 50 வருடங்களின் பின், 1948ல், எங்கள் நாட்டில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். புதிய பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தது போதாது. தகப்பனோ, தகப்பன்வழிப் பேரனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததைக் காட்டு என்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களிடம் எந்தப் பத்திரம் இருந்தது? இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். தமிழ்த் தலைவர்களுக்குள்ளேயே இது பிளவை உண்டாக்கியது. செல்வநாயகம் பிரிந்து 1949ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003 வரை சென்றது.

அமெரிக்காவிலும் விவாதம் ஓயவில்லை. 2025 ஜனவரி 20 அன்று ஜனாதிபதி டிரம்ப், அனுமதியின்றியோ தற்காலிக விசாவிலோ இருக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு, தகப்பன் பிரஜையாகவோ நிரந்தர வதிவுரிமை உள்ளவராகவோ இல்லாவிட்டால், பிறப்புரிமை இல்லை என்று ஆணையிட்டார். வொங்கின் பெற்றோர் சட்டப்படி குடியிருந்தவர்கள், அவர் வழக்கு மற்றவர்களுக்குப் பொருந்தாது என்று ஆணையை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். திருத்தத்தின் வார்த்தைகளில் பெற்றோரைப் பற்றிய பேச்சே இல்லையே என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்தன, விவகாரம் மீண்டும் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரு தரப்பும் புரட்டியது அந்தச் சமையற்காரரின் வழக்கைத்தான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைக் கவனமாக வையுங்கள். அதோடு, அந்தப் பத்திரத்துக்குப் பெறுமதி எப்படி வந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். கப்பலில் அடைபட்டுக் கிடந்த ஒரு ஏழைக்காகக் காசு சேர்த்த சங்கத்துக்காரரும் அதில் பங்காளிகள். எமது சங்கத்தில் ஒருவருடைய கேசுக்கு உதவி கேட்டு வரும்போது, எனக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். ஒருவருக்குக் கிடைக்கும் தீர்ப்பு நாளை யாருடைய பிள்ளைக்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்?

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.