ராமானுஜன் நோட்டில் இல்லாத படிகள்: 78 ஆண்டுகள் நீண்ட சரிபார்ப்பு

கோடு தப்பான விடையைத் தந்தால் புரோகிராமர்கள் முதலில் போடுவது ஒரு கன்சோல் லாக். ஒவ்வொரு படியிலும் என்ன மதிப்பு வந்தது என்று திரையில் தெரிந்தால், எங்கே சறுக்கியது எனப் பிடித்துவிடலாம். கணித மேதை ராமானுஜனின் நோட்டுகளில் இல்லாமல் போனது இந்த லாக்தான்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். 1910-ல் அந்த நோட்டோடு திருக்கோவிலூருக்குப் போய், அங்கே துணை ஆட்சியராக இருந்த கணித ஆர்வலர் ராமசாமி ஐயரிடம் வேலை கேட்டார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்.

1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிரூபணம் கிடையாது. பகா எண்கள் பற்றிய ஒரு சூத்திரம், அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமாக இல்லை. எங்கே தவறினார் என்று பார்க்க, படிகளே இல்லை. நிரூபணத்தை அனுப்பச் சொல்லி ஹார்டி பதில் எழுதினார்.

1920-ல், 32 வயதில் ராமானுஜன் இறந்தார். மூன்று நோட்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். கடைசித் தொகுதி வந்தது 1998-ல். மிகப் பெரும்பாலானவை சரி; சில மட்டுமே தவறு. ஆனால், அந்த விடைகளை அவர் எப்படி அடைந்தார் என்பது பல இடங்களில் இன்றும் ஊகம்தான். அந்த வழி சிலேட்டோடு அழிந்துபோச்சு.