2130 மேட்ச், ஒரு லீவு கூட இல்ல!

75 சதவீத அட்டெண்டன்ஸ் வைக்கவே நமக்கு நாக்கு தள்ளுது. கிட்டத்தட்ட 14 வருஷம் ஒரு மேட்ச் கூட விடாம ஆடின ஒருத்தரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. பேர் லூ கெரிக். அமெரிக்க பேஸ்பால் வீரர். பேஸ்பால் தெரியாதேன்னு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அவரும் ஒரு காலத்துல நம்மள மாதிரி இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் தான்.

1903 ஜூன் 19-ல நியூயார்க்கில் பிறந்தார். அப்பா, அம்மா ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவங்க. நாலு பிள்ளைகளில் பிழைத்தது இவர் மட்டும்தான். அப்பாவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். வீட்டு வேலை, சமையல் வேலைன்னு அம்மாதான் குடும்பத்தைத் தாங்கினார். பையன் இன்ஜினியர் ஆகணும்ங்கிறது அவரோட கனவு.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சீட்டும் கிடைச்சுது. ஆனா வீட்டில் மருத்துவச் செலவு கழுத்தை நெரிக்க, 1923-ல படிப்பைப் பாதியில் விட்டுட்டு நியூயார்க் யாங்கீஸ் அணியில் கையெழுத்துப் போட்டார். டிகிரி போச்சு, வீட்டில் அடுப்பு எரிஞ்சுது.

1925 ஜூன் 1-ல ஆரம்பிச்ச தொடர் ஓட்டம் அது. காய்ச்சல், முதுகு வலி, விரல் எலும்பு முறிவு எதுக்கும் லீவு இல்லை. ஆனாலும் வெளிச்சம் என்னவோ பக்கத்தில் ஆடின பேப் ரூத் மேலதான். 1927-ல கெரிக் 47 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சார். அதே வருஷம் ரூத் அடிச்சது 60! கெரிக் அதுக்காக அலட்டிக்கவே இல்லை. மறுநாளும் மைதானத்துக்கு வந்து நின்னார். மொத்தம் 493 ஹோம் ரன்.

1938-ல ஆட்டம் லேசா தளர ஆரம்பிச்சுது. 1939 சீசனில் முதல் 8 மேட்ச்ல நாலே ஹிட். ஈசியான பந்தைப் பிடிக்கிறதே கஷ்டமாச்சு. அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் மனசு வரலை. மே 2 அன்று டெட்ராய்ட்டில் அவரே மேனேஜர்கிட்ட போய், இன்னைக்கு நான் ஆடலைன்னு சொல்லிட்டார். 2130 மேட்ச் தொடர் அங்கே முடிஞ்சுது. கேப்டன்ங்கிறதால, தன் பேர் இல்லாத டீம் லிஸ்ட்டை அம்பயர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். அந்த நடையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

சில வாரம் கழிச்சு, சரியா அவரோட 36-வது பிறந்தநாளில் மருத்துவர்கள் நோயைச் சொன்னாங்க: ஏ.எல்.எஸ். மூளையில் இருந்து தசைகளுக்கு சிக்னல் கொண்டு போற நரம்பு செல்கள் ஒவ்வொன்னா செத்துப்போகும். முழுசா குணப்படுத்துற மருந்து கிடையாது. ஜூலை 4 அன்று 60,000 பேருக்கு மேல கூடின யாங்கீ ஸ்டேடியத்தில் விடைபெற்றார். அழுது புலம்பலை, தனக்குக் கிடைச்ச மனிதர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். அவரோட 4-ம் நம்பர் ஜெர்சியை அணி அதுக்கப்புறம் யாருக்கும் கொடுக்கலை.

வீட்டில் முடங்கவும் இல்லை. நியூயார்க் நகர நிர்வாகத்தில் பரோல் கமிஷனரா, உடம்பு ஒத்துழைச்ச வரைக்கும் வேலை பார்த்தார். 1941 ஜூன் 2-ல இறந்தார். வயசு 37.

அந்த 2130 சாதனையை முறியடிக்க 1995 வரைக்கும் ஆச்சு. கால் ரிப்கன் முறியடிச்சார். ஆனா அந்த நோய்க்கு அமெரிக்காவில் இன்னைக்கும் லூ கெரிக் நோய்னுதான் பேர். 2014-ல ஆளாளுக்கு ஐஸ் வாட்டரைத் தலையில் ஊத்திக்கிட்டு வீடியோ போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? அது இந்த நோய்க்கு மருந்து தேடத்தான்.

விடாம வர்றது பெரிய விஷயம்தான். நம்மால அணி தோற்கக் கூடாதுன்னு தானா விலகி நிக்கிறதுக்கு அதைவிடப் பெரிய மனசு வேணும். கெரிக்கிட்ட ரெண்டும் இருந்துச்சு.