அண்ணல் கண்ட உள்ளமைதி

வலக்கை விரலை உயர்த்திக் காட்டி, இடக்கையில் அரசியலமைப்பு நூலைத் தாங்கி நிற்கும் அண்ணல் அம்பேத்கரின் சிலையைக் கண்டே நம் பிள்ளைகள் வளர்கின்றனர். அது வேண்டுவதே. ஆயினும் அக்கம்பீரத்திற்குள்ளே ஒரு மனிதர் இருந்தார். அவர் தம் குழந்தைகள் நால்வரை மண்ணுக்குக் கொடுத்தவர். பூங்காவொன்றில் போக்கிடமின்றி அமர்ந்திருந்தவர். மனைவியை இழந்த துயரில் தலையை மழித்துக்கொண்டு தனியறையில் அழுதவர். அத்தகைய உள்ளம் எவ்வாறு தெளிந்தது, எங்கே அமைதி கண்டது என்பதை நம் மேடைகள் அதிகம் பேசியதில்லை. விடுதியறையில் அவமானத்தை நினைந்து இரவெல்லாம் உறங்காது கிடக்கும் நம் மாணவர்க்கு, அவர் வகுத்த சட்டப் பிரிவுகளைக் காட்டிலும் இச்செய்தியே இன்று அணுக்கமானது என்பது என் துணிபு.

அவர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாமூரில் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியின் தலைமையாசிரியரும் ஆவார். கபீரின் நெறியைப் பின்பற்றிய குடும்பம் அது. காலையிலும் மாலையிலும் வீட்டில் வழிபாடும் பாடலும் தவறியதில்லை. பதினான்காவது பிள்ளையாகிய பீமனுக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபோது அன்னை பீமாபாய் மறைந்தார். அதன்பின் அத்தை மீராபாயின் கையில் வளர்ந்தார். பள்ளியில் சாக்குத்துணியில் தனியே அமர்ந்ததையும், தண்ணீர் வேண்டுமெனில் ஏவலன் வந்து ஊற்றும்வரை காத்திருந்ததையும் நாம் அறிவோம். அவர் தேர்வில் வென்றபோது நம்மவர் கூடிப் பாராட்டு விழா எடுத்தனர். அதனையொட்டிக் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் மராத்திய அறிஞர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அம்மாணவர்க்குப் பரிசாக வழங்கினார். ஒரு நூற்பரிசு எத்துணை தொலைவு செல்லும் என்பதை அன்று அந்தக் கூட்டத்தில் எவரும் கருதியிருக்க மாட்டார்கள்.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டனிலும் பயின்று, 1917ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய அவர், ஒப்பந்தப்படி பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். அத்துணை கற்றவர்க்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பார்சிப் பெயரோடு தங்கினார். பதினோராம் நாள் காலையில் கைத்தடிகளோடு வந்த பார்சிகள் பன்னிருவர் அவரைச் சூழ்ந்துகொண்டு, அன்று மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டிச் சென்றனர். இந்து நண்பர் ஒருவரை நாடினார். கிறித்தவ நண்பர் ஒருவரையும் நாடினார். இருவர் வீட்டிலும் இடமில்லை. பம்பாய் செல்லும் வண்டி இரவு ஒன்பது மணிக்குத்தான். அதுவரை எங்கே இருப்பது? காமாட்டி பாக் என்னும் பொதுப் பூங்காவிற்குச் சென்று அமர்ந்தார். பாதி உள்ளம் வெறுமையாகவும், மறுபாதி துயரம் மண்டியும் இருந்ததாகவும், திக்கற்ற குழந்தையைப்போல் தாய் தந்தையரை நினைத்துக்கொண்டதாகவும் பின்னாளில் அவரே எழுதினார்.

இந்த இருப்பைத் தியானம் என்று சொல்ல முடியாது. துன்பம் வந்துற்ற எவரும் இவ்வாறே அமர்கின்றனர். கண் எதிரே மரம் இருக்கும்; அது மரமென்று மனத்தில் படாது. நடந்தது திரும்பத் திரும்ப நடந்துகொண்டேயிருக்கும். இந்நிலையிலிருந்து அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று அறிவதற்காகவே இதனை விரித்துரைத்தேன்.

அடுத்த பத்தாண்டுகளில் வீட்டிற்குள் துயரம் புகுந்தது. கங்காதரன், இரமேஷ், இந்து என்னும் பெண்மகவு ஆகிய மூவரையும் இழந்த இல்லத்தில், கடைக்குட்டியாகிய இராஜரத்தினமே கண்மணியாக விளங்கினான். 1926 ஜூலையில் அவனும் மாண்டான். எஞ்சியவர் யஷ்வந்த் ஒருவரே. அடுத்த மாதம் நண்பரொருவர்க்கு எழுதிய மடலில், தம் வாழ்வின் சுவையே போயிற்று என்ற பொருள்பட அவர் தம் நெஞ்சைத் திறந்து காட்டினார்.

எட்டே மாதங்கள் கழித்து, 1927 மார்ச் 20ஆம் நாள், மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று நீரருந்தினார். அன்றே வெறிகொண்ட கூட்டம் நம்மவரைத் தெருத் தெருவாகத் தாக்கிற்று. அவர் தங்கியிருந்த மாளிகையில் திரண்டிருந்தோரில் பலர் போர்க்களம் கண்ட முன்னாள் படைவீரர்கள். அவருடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தனர், திருப்பியடிக்கத் துடித்தனர். அவர் அச்சொல்லைச் சொல்லவில்லை. அடங்கியிருக்கப் பணித்துவிட்டு, குற்றவாளிகளைச் சட்டத்தின் முன் நிறுத்தினார். சினம் இல்லாமற்போனதால் விளைந்த அடக்கம் அன்று அது. அந்த மாலையில் மகாதில் அவரைவிடச் சினமுற்றவர் இருந்திருக்க மாட்டார். சினத்தைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த செயலை எண்ணும் திறம் அவர்க்கு அப்பொழுதே வாய்த்திருந்தது.

எனினும் பெருந்துயரம் பின்னரே வந்தது. அவர் கடல் கடந்து பயின்ற ஆண்டுகளில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தவர் துணைவியார் இரமாபாய். பண்டரிபுரம் சென்று விட்டலனைத் தொழ வேண்டும் என்பது அவ்வம்மையாரின் நெடுநாள் விருப்பம். தொலைவில் நின்று தொழ வேண்டிய கோயில் நமக்கு எதற்கு, நாமே வேறொரு பண்டரிபுரத்தைப் படைப்போம் என்பதாக அண்ணல் அவரைத் தேற்றி வந்தார். அந்த விருப்பம் நிறைவேறாமலே 1935 மே 27ஆம் நாள், தாதரிலுள்ள இராஜகிருகம் என்னும் அவர்களது இல்லத்தில் அம்மையார் கண்மூடினார். ஈமக்கடன் முடிந்து திரும்பியவர் தம் அறைக்குள் புகுந்தார். ஒரு வாரத்திற்கு மேலாகச் சிறு பிள்ளைபோல் அழுதார் என்றும், தலையை மழித்துக் காவியாடை புனைந்தார் என்றும் வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். அவரைத் தேற்ற முற்பட்டோர் சொல்லற்று நின்றனர்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். காவியுடுத்திய அந்நாள்களில் அவர் உலகைத் துறந்திருக்கலாம். துயருற்றோர்க்கு நம் நாடு காட்டும் பழைய வழி அதுவே. காடும் மடமும் கதவைத் திறந்தே வைத்திருந்தன. அவரோ அவ்வாடையில் நிலைக்கவில்லை. ஜூன் மாதத்தில் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார். அக்டோபர் 13ஆம் நாள் நாசிக் மாவட்டத்து இயோலாவில் மக்கள்முன் நின்று, தாம் இந்துவாகப் பிறந்தது தம் வசத்தில் இல்லை, ஆனால் இந்துவாக இறப்பதில்லை என்று அறிவித்தார். மனைவி மறைந்து ஐந்து மாதங்கள்கூட நிறையவில்லை. பண்டரிபுரத்து வாயிலில் நிற்க விரும்பாத ஒருவரின் துயரம் ஒரு சமுதாயத்தின் பயணமாக மாறியது இங்கேதான் என்பது என் கருத்து. ஆண்டாண்டாய் நடந்த காலாராம் கோயில் நுழைவுப் போராட்டமும் அம்மாநாட்டோடே கைவிடப்பட்டது என்பதை நினைவிற் கொள்க.

அறிவித்ததற்கும் தழுவியதற்கும் இடையே இருபத்தோராண்டுகள் கடந்தன. அக்காலத்தைக் காலத்தாழ்வு என்று குறை கூறினோர் உண்டு. பண்டை மகதத்தின் தலைநகர்ப் பெயரைத் தாங்கிய அவ்வில்லத்தில், நூல்களின் நடுவே, இரவு பகலாக அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வாராய்ச்சியில் தமிழகத்திற்கும் பங்குண்டு என்பது நாம் பெருமையோடு சொல்லத்தக்கது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அறிவியல் கற்பித்தவரும், அயோத்திதாச பண்டிதர் காலத்துப் பௌத்த எழுச்சியில் தோள் கொடுத்தவருமாகிய பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை விளக்கி ஆங்கிலத்தில் எழுதிய நூலை, 1948இல் அண்ணலே முகவுரை தந்து மீண்டும் வெளிவரச் செய்தார். நல்ல பௌத்த நூல் எது என்று கேட்டோர்க்கு அவர் தயங்காது காட்டியது அந்நூலையே. 1950இல் கண்டியில் நடந்த உலகப் பௌத்தர் மாநாட்டிற்கும், 1954இல் இரங்கூன் மாநாட்டிற்கும் சென்றார். அவ்வாண்டு டிசம்பர் 25இல் புனேக்கு அருகிலுள்ள தேகு சாலையில், நம் மக்கள் எழுப்பிய விகாரையில் புத்தர் திருவுருவை நிறுவினார். விட்டலனைத் தொலைவில் நின்று தொழ வேண்டியிருந்த மக்கள் அன்று தம் கையாலேயே மலரிட்டனர்.

அவர் தம் இறுதியாண்டுகளில் எழுதிய புத்தரும் அவர் தம்மமும் என்னும் பெருநூலைக் கற்பார்க்குத் தியானத்தைப் பற்றிய அவருடைய கொள்கை தெளிவாக விளங்கும். சித்தார்த்தன் முதியவனையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு இல்லம் துறந்தான் என்னும் வழிவழிக் கதையை அவர் ஏற்கவில்லை. உரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியர் கோலியர்மேல் போர் தொடுக்கத் துணிந்தபோது அதனை எதிர்த்து நின்றதால், தன் குடும்பம் ஊர்விலக்கத்திற்கு உள்ளாகாதிருக்கும் பொருட்டு நாடு கடந்து செல்ல இளைஞன் தானே இசைந்தான் என்று எழுதுகிறார். தண்ணீரும் ஊர்விலக்கமும்! சவுதார் குளத்தில் கை நனைத்தவர் எழுதிய புத்தர் வரலாறு வேறெவ்வாறு தொடங்கும்?

போதி மரத்தடிக் காட்சியையும் அவர் தம் வழியிலேயே தீட்டுகிறார். பட்டினி கிடந்து உடலை வதைத்த தவத்தைக் கைவிட்ட கௌதமர், உணவுண்டு உடல் தேறி, நாற்பது நாள்களுக்கு வேண்டிய உணவையும் சேர்த்துக்கொண்டே தியானத்தில் அமர்ந்தார் என்கிறார். பசித்த வயிற்றுக்குப் பட்டினியைப் பெருமையாகப் போதிக்கும் உபதேசங்களைக் கேட்டுச் சலித்த நமக்கு இச்சிறு குறிப்பு எவ்வளவு ஆறுதல்! முதலில் தீய எண்ணங்கள் படையெடுத்து வருகின்றன. அவற்றை வென்ற பின்னரே நான்கு வாரத் தியானம் தொடங்குகிறது. அதன் முதற்படியில் அவர் துணைக்கழைப்பது பகுத்தறிவையும் ஆராய்ச்சியையும். இரண்டாம் படியில் மன ஒருமை சேர்கிறது. மூன்றாவதில் நடுநிலையும் விழிப்பும், நான்காவதில் தூய்மையும் கூடுகின்றன. அவ்வாறு பண்பட்ட மனத்தை அவர் எதன்மேல் நிறுத்துகிறார்? உலகில் துன்பம் ஏன் உளது, அதனை நீக்குவது எவ்வாறு என்னும் இரு வினாக்களின்மேல்.

வினாவைக் கைவிடுவது தியானம் என்பாரும் உளர். மூச்சை எண்ணு, முறையீட்டை மற என்று ஒடுக்கப்பட்டவனுக்கு உரைக்கும் பயிற்சிகளைக் கட்டணம் பெற்றுக் கற்பிப்போரும் இன்று பலர். மூச்சில் மனத்தை நிறுத்துவது நல்ல பயிற்சியே, புத்தர் காட்டியதே. அதனை இழிவாகப் பேச நான் துணியேன். அண்ணல் கேட்டது அதற்கு மேற்பட்ட ஒன்று. பேராசை, பகைமை, சோம்பல், ஐயம் முதலிய தடைகளை ஒருமுகச் சமாதி சிறிது பொழுது நிறுத்தி வைக்கும்; எழுந்தவுடன் அவை மீண்டும் வந்து சேரும். ஆகவே நல்லதையே எண்ணும் நிலையான பழக்கத்தை மனத்திற்குத் தருகின்ற நற்சமாதியே வேண்டப்படுவது என்று அவர் விளக்குகிறார். புத்தர் கற்பித்தது சமாதியும் விபாசனையும் மட்டுமே என்று சுருக்குவோரையும், புத்தர்க்குச் சமுதாயத்திற்கு உரைக்க ஒரு செய்தியும் இல்லையா என்று அந்நூலிலேயே வினவுகிறார்.

இவற்றை எழுதிய காலத்தில் அவர் உடல் நைந்திருந்தது. இந்துச் சட்டத் தொகுப்பு நிறைவேறாத ஏமாற்றத்தோடு 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்திருந்தார். தேர்தல்களிலும் தோல்வி. நீரிழிவும் கால்வலியும் அவரை வாட்டின, கண்ணொளி மங்கியது, பிறர் தோளைப் பற்றியே நடந்தார். முதிய பருவத்தில் வயலின் கற்கத் தொடங்கினார் என்பது பலர் அறியாத செய்தி. தம் மக்கள் பணியை ஏற்று நடத்தத் தக்கார் இல்லையே என்று கண்ணீர் விட்ட நாள்களும் அவற்றுள் இருந்தன. தெளிவு பெற்றவர் பின்னர் அழுவதேயில்லை என்று எவரும் கருத வேண்டா. அழுத பின்னும் எழுதுமேசைக்குத் திரும்பினார்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் வெண்ணிற ஆடை உடுத்தி, முதுபெரும் பிக்கு சந்திரமணியிடம் மும்மணியும் ஐந்தொழுக்கமும் ஏற்றார். தாம் ஏற்றபின், திரண்டிருந்த இலட்சக்கணக்கானோர்க்கு இருபத்திரண்டு உறுதிமொழிகளோடு தாமே அந்நெறியை வழங்கினார். அடுத்த மாதம் காத்மாண்டு மாநாட்டில் உரையாற்றினார். டிசம்பர் 5ஆம் நாள் இரவு, தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், அவருடைய செயலாளர் நானக் சந்த் இரத்து கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணல் கண்களை மூடி, இருக்கையின் கையில் விரல்களால் தாளமிட்டவாறு, புத்தரைச் சரணடையும் பாடலை மெல்ல இசைத்தார். அதன் இசைத்தட்டையும் வைக்கச் சொல்லிக் கேட்டார். உணவு முடிந்து எழுந்தபோது, தந்தையார் வீட்டில் கேட்டு வளர்ந்த கபீரின் பாடலொன்றை முணுமுணுத்தார். படுக்கையறைக்குச் செல்லுமுன் புத்தரும் அவர் தம்மமும் நூலுக்குரிய முன்னுரைத் தாள்களை இரவே பார்த்துவிட வேண்டும் என்று கேட்டு வாங்கி, கட்டிலருகே மேசைமேல் வைத்துக்கொண்டார். காலையில் அவரை எழுப்பச் சென்றபோது உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. அந்நூல் 1957இல், அவர் நிறுவிய பம்பாய் சித்தார்த்தா கல்லூரியின் வெளியீடாக வந்தது.