நோய்க்கிருமியை இனங்காட்டும் ராமன் ஒளி

புதுதில்லி: ரத்தத்தில் நோய்த்தொற்று பரவியவருக்கு அதை உண்டாக்கிய கிருமி எது என்பதை அறிய, மாதிரியை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே மருத்துவமனைகளின் வழக்கம். முடிவு வரப் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள்கள் ஆகின்றன. அதுவரை ஊகத்தின் பேரில்தான் மருந்து தரப்படுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஆய்வாளர்கள் நாடியுள்ள வழிகளில் ஒன்று, சி.வி. ராமன் கண்ட ஒளிச்சிதறல்.

1888 நவம்பர் 7-ம் தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1907-ல், 19 வயது நிரம்பும் முன்பே, நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் அரசுக் கணக்கு. காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடம். பல ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளித்தபோது, அதைவிடக் கூடுதல் ஊதியம் தந்த அரசுப் பணியைத் துறந்தார். உயர்பதவியே வாழ்வின் உச்சம் எனக் கருதப்பட்ட காலத்தில் இது எளிய முடிவல்ல.

1921-ல் கப்பலில் பயணம் செய்தபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற விளக்கத்தை ஏற்காமல், நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28-ம் தேதி பலித்தது. உடன் உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். சூரிய ஒளி, பாதரச விளக்கு, எளிய நிறமாலைக் கருவி இவையே அவர்களின் மூலதனம். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு பொருளின் மீது படும் ஒளியில் மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறிச் சிதறுகிறது. அந்த மாற்றம் மூலக்கூறுகளின் அதிர்வைப் பொருத்தது. கிருமியின் உறை, புரதம், மரபுப் பொருள் எல்லாம் சேர்ந்து கைரேகை போன்ற ஒரு நிறமாலையைத் தருகின்றன. ஆயினும் சிதறும் ஒளி மிக மங்கலானது. 1960-ல் லேசர் வந்த பிறகே இந்த முறை வலுப்பெற்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் 30 வகை நோய்க்கிருமிகளின் நிறமாலைகளைக் கணினிக்குப் பயிற்றுவித்தனர். எந்த மருந்து பொருந்தும் என்பதை அது ஏறத்தாழ 97 சதவீதம் சரியாகக் கணித்தது. எனினும் அது ஆய்வகத்தில் வளர்த்த கிருமிகளில் கண்ட வெற்றி. நோயாளியின் ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவு. ரத்த அணுக்களின் ஒளியோ அவற்றை மறைத்துவிடும். அன்றாடச் சிகிச்சைக்கு இம்முறை வருவதற்கு அந்தத் தடையைக் கடந்தாக வேண்டும்.

1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான ராமன், நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்கால் 1937-ல் அப்பதவியிலிருந்து விலகினார். பேராசிரியராக நீடித்து, 1948-ல் ஓய்வுபெற்றுத் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தில் பணியைத் தொடர்ந்தார். 1954-ல் பாரத ரத்னா பெற்ற அவர், அரசின் பணம் ஆய்வாளரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் என அஞ்சி, அந்நிறுவனத்துக்கு அரசு மானியத்தை நாடவில்லை. அறிவியலுக்கான நிதி பற்றி இன்றும் நடக்கும் விவாதத்தில் இது ஓரம்கட்டத்தக்க கருத்தல்ல. 1970 நவம்பர் 21-ம் தேதி காலமான அவரது உடல் அந்த நிறுவன வளாகத்திலேயே தகனம் செய்யப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், 1972-ல், அந்நிறுவனம் மத்திய அரசின் உதவி பெறும் நிறுவனமாயிற்று.