கொடி காட்டிய ஆர்ச்சி லீக்

நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் நின்று, பஸ்சுக்கும் லாரிக்கும் கை காட்டுவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். விமானங்களுக்கு அப்படிக் கை காட்ட ஒருவர் வெட்டவெளியில் நின்றிருந்தார் என்றால் நம்புவீர்களா? கையில் இரண்டு கொடிகள். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. அவருடைய அலுவலகமே அவ்வளவுதான்!

அவர் பெயர் ஆர்ச்சி லீக். அமெரிக்காவின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். (உலகிலேயே முதல்வர் என்றும் சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. லண்டனுக்குப் பக்கத்தில் க்ராய்டனில் 1920ஆம் ஆண்டே கட்டுப்பாட்டுக் கோபுரம் வந்துவிட்டது.)

ஆர்ச்சி 1907ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இன்ஜினைப் பிரித்து மாட்டும் மெக்கானிக் வேலையும் அவருக்கு அத்துப்படி. அந்தக் காலத்தில் அங்கே 'பறக்கும் சர்க்கஸ்' என்று ஒன்று உண்டு. ஊர் ஊராகப் பறந்து போய், வயல்வெளியில் விமானத்தை இறக்கி, குட்டிக்கரணம் போட்டுக் காட்டிக் காசு வாங்குவார்கள். ஆர்ச்சியும் அப்படி ஒரு சர்க்கஸ் நடத்தி வந்தார்.

செயின்ட் லூயிஸ் நகரத்தில் லாம்பர்ட் விமானத் தளம் இருக்கிறது. அட்லாண்டிக் கடலைத் தனியாளாக நிற்காமல் பறந்து கடந்த லிண்ட்பெர்க்கை உங்களுக்குத் தெரியும் அல்லவா? அவர் அதற்கு முன்பு தபால் விமானம் ஓட்டியது இந்தத் தளத்திலிருந்துதான். 1927இல் அவர் சாதனை செய்த பிறகு, எல்லாருக்கும் பறக்கும் ஆசை வந்துவிட்டது. தளத்தில் ஒரே நெரிசல்!

இதில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? அப்போதைய விமானங்கள் தரையில் வாலைத் தாழ்த்தி, மூக்கை நிமிர்த்தி நிற்கும். அதனால் விமானிக்குத் தன் எதிரே இருப்பதே சரியாகத் தெரியாது. பெரும்பாலான விமானங்களில் ரேடியோவும் கிடையாது. ஒருவர் கிளம்பும்போது இன்னொருவர் அதே இடத்தில் இறங்கினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்!

1929ஆம் ஆண்டு நகர நிர்வாகம் ஆர்ச்சியை வேலைக்கு அமர்த்தியது. தினமும் காலையில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மடக்கு நாற்காலி, பெரிய குடை, குறிப்பு நோட்டு, சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓடுபாதையின் முனைக்குப் போவார். சிவப்புக் கொடியைக் காட்டினால் நில். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் புறப்படு. கோடையில் குடை நிழலில் உட்கார்ந்திருப்பார். பனிக்காலத்தில் குடை எதற்கு உதவும்? விமானிகள் போடும் கனத்த உடுப்பை மாட்டிக்கொண்டு நடுங்கியபடி நிற்பார்.

கொடியில் ஒரு பெரிய குறை இருந்தது. இருட்டினால் தெரியாது. மூடுபனி இறங்கினாலும் தெரியாது. விமானி வேறு பக்கம் திரும்பிவிட்டால் ஆட்டி என்ன பயன்? ஆகவே செயின்ட் லூயிஸிலும் ரேடியோ கோபுரம் வந்தது. அதில் ஏறி முதலில் பேசியவரும் நம் ஆர்ச்சிதான்! ஓய்வு நேரத்தில் படித்து, விமானப் பொறியியல் பட்டமும் வாங்கிக்கொண்டார்.

ரேடியோ வந்தது என்று எழுதுவது சுலபம். ஆனால் கோபுரத்தில் மட்டும் ரேடியோ இருந்தால் போதுமா? விமானத்திலும் இருக்க வேண்டுமே! அதற்குப் பணம் வேண்டும். போதாததற்கு ரேடியோப் பெட்டியின் எடையும் சேரும். சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பெட்டி ஏறினால் அந்த அளவுக்குச் சரக்கு குறையும். வானப் போக்குவரத்தில் புதிதாக எது வந்தாலும், விமானக் கம்பெனிகள் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அன்று தொடங்கியதுதான்.

அதற்காகக் கம்பெனிகள் பாதுகாப்பை மறந்துவிட்டன என்று நினைக்காதீர்கள். 1935 டிசம்பரில், நியூயார்க்கை அடுத்த நெவார்க் நகரில், விமானக் கம்பெனிகளே ஒன்று சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டு மையத்தைத் தொடங்கின. வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான். ஆனால் மேகத்துக்குள் இரண்டு விமானங்கள் மோதினால் இருவருக்கும் அல்லவா நஷ்டம்? மேஜையில் பெரிய வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சின்ன வில்லையை வைத்து, கையால் நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். கேரம் போர்டு மாதிரி! அடுத்த ஆண்டே அரசாங்கம் அந்தப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1937இல் ஆர்ச்சியும் அரசுப் பணியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் போய், கர்னல் பதவி வரை உயர்ந்து திரும்பி வந்தார்.

போர் முடிந்தபோது ரேடார் என்ற கருவி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அமெரிக்க வானம் முழுவதையும் பார்க்கும் அளவுக்கு ரேடார்கள் வாங்க அரசு பணம் ஒதுக்கவில்லை. பெரிய விமான நிலையங்களைத் தாண்டிவிட்டால், விமானிகள் தாங்களே கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டியதுதான்.

1956 ஜூன் 30. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் கிளம்பின. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே, 21 ஆயிரம் அடி உயரத்தில், இரண்டும் மோதிக்கொண்டன. அவற்றில் இருந்த 128 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நாடே பதறியது. 1958இல் புதிய சட்டம் வந்தது. வானப் போக்குவரத்தைக் கவனிக்க தனி அமைப்பு உருவானது. அதே சமயத்தில்தான் ஜெட் விமானங்களும் வந்தன. இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? ஒரு ஜெட் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே இன்னொன்று அதே வேகத்தில். இரண்டும் நெருங்குவது மணிக்கு 1,800 கிலோமீட்டர். அதாவது ஒரு விநாடிக்கு அரை கிலோமீட்டர்! 5 கிலோமீட்டர் தூரத்தில் பார்த்தால்கூட, விலகுவதற்கு 10 விநாடிதான் இருக்கும். கண்ணை நம்பி இனிப் பறக்க முடியுமா?

ஆகவே ரேடார்கள் பெருகின. விமானத்துக்குள் 'டிரான்ஸ்பாண்டர்' என்ற பெட்டி வந்தது. தரையிலிருந்து ரேடார் கேள்வி கேட்டால், நான் இன்னார், இவ்வளவு உயரத்தில் இருக்கிறேன் என்று அதுவே பதில் அனுப்பிவிடும். பின்னர் கணினிகளும் சேர்ந்துகொண்டன. தள்ளுவண்டியோடு நின்ற ஆர்ச்சி இப்போது எங்கே இருந்தார் தெரியுமா? நாட்டின் விமானப் போக்குவரத்துப் பிரிவு முழுவதற்கும் இயக்குநராக!

தலைவலியும் பெரிதாகத்தான் இருந்தது. 1968 கோடையில் நியூயார்க் வானத்தில் விமானங்கள் இறங்க இடமில்லாமல் மணிக்கணக்காகத் தாமதமாயின. வட்டமடித்தால் எரிபொருள் வீண், கம்பெனிக்கு நஷ்டம். மறு வருடம் சில பெரிய விமான நிலையங்களில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை விமானங்கள்தான் என்று அரசு அளவு கட்டியது. சாலையை அகலப்படுத்தாமல் பஸ்சைக் குறைப்பது மாதிரிதான் இது. 1970இல் வேறு வழி கண்டார்கள். டிக்கெட்டின் மீது வரி போட்டு, அந்தப் பணத்தை விமான நிலையங்களுக்கும் கருவிகளுக்கும் செலவிடத் தனி நிதி வைத்தார்கள். நியாயமான ஏற்பாடு என்றே தோன்றுகிறது. பத்திரமாகப் பறக்கிறவர்தானே அதற்குக் காசு கொடுக்கிறார்!

1973இல் ஆர்ச்சி துணைத் தலைமை நிலைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 36 ஆண்டு அரசுப் பணி. 1986 அக்டோபர் 1 அன்று காலமானார்.

அவர் பார்க்காத மாற்றம் இன்னொன்று இருக்கிறது. ரேடார் சுற்றிச் சுற்றித்தான் பார்க்கும். தொலைதூர ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற 12 விநாடி ஆகும். இப்போது விமானமே செயற்கைக்கோள் மூலம் தன் இடத்தைக் கண்டுபிடித்து, விநாடிக்கு ஒரு முறை அறிவிக்கிறது. 2020 ஜனவரி முதல் அமெரிக்காவின் நெரிசலான வான்பகுதிகளில் இந்தக் கருவி இல்லாமல் பறக்கக் கூடாது. பெரிய கம்பெனிகளுக்கு நேர்வழியும் எரிபொருள் மிச்சமும் கிடைக்கும். ஒரே ஒரு குட்டி விமானம் வைத்திருப்பவருக்கோ செலவுதான் முதலில் கண்ணில் படும். அந்தப் பழைய ரேடியோப் பெட்டிக் கணக்கு ஞாபகம் வருகிறதா?

அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்களில் ஆபத்து நேரத்தில் திறமையாகச் செயல்பட்டவர்களுக்கு, அவர்கள் சங்கம் ஆர்ச்சி லீக் பெயரில் பதக்கம் கொடுக்கிறது.

இத்தனை கருவிகள் வந்த பிறகும், கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் துப்பாக்கி மாதிரி ஒரு விளக்கைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒரு விமானத்தின் ரேடியோ கெட்டுப்போனால், அதை எடுத்து விமானியை நோக்கிக் காட்டுவார்கள். பச்சை என்றால் வரலாம். சிவப்பு என்றால், ஆர்ச்சியின் கொடி சொன்ன அதே செய்திதான்!