திரையில்லாப் படமும் பஞ்சரத்னமும்

திண்டுக்கல் சமவெளி ஊர்களில் டூரிங் டாக்கீஸ் ஓடிய காலத்தில், திரை கட்டாமலே படம் காட்டலாம் என்று கீரனூரில் எவரேனும் சொல்லியிருந்தால் கேட்டவர் நகைத்திருப்பார். கொட்டகைக் கூரை கிழிந்தாலும் படம் ஓடும். மின்சாரம் நின்றால் சற்றுப் பொறுத்து ஓடும். வெள்ளைத் துணி இல்லையேல் எதன்மேல் ஓடும்?

இன்று அக்கேள்விக்கு விடை உண்டு. மூக்குக் கண்ணாடி போன்றதொரு கருவியை அணிந்து கொண்டால், எதிரே சுவர்கூட இல்லாத வெட்டவெளியில் எழுத்தும் உருவமும் மிதப்பது போல் தெரிகின்றன. திரையின் வேலைதான் என்ன? தன்மேல் விழும் ஒளியைச் சிதறடித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்புவது. ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி எந்தத் திசையில், எந்த வளைவோடு கண்ணை அடையுமோ, அவ்விதமே ஒளியை நேராகக் கண்ணுக்குள் செலுத்திவிட்டால் திரை வேண்டியதில்லை. 1947இல் டென்னிஸ் காபர் இங்கிலாந்தில் கண்ட ஹாலோகிராம் இந்த வழிக்கு அடிகோலியது. 1960இல் லேசர் பிறந்தபின் அது நடைமுறைக்கு வந்தது. (மேடைகளில் மறைந்தவர் உயிரோடு நடமாடுவதாகக் காட்டுகிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை ஹாலோகிராம் அல்ல, சாய்த்து நிறுத்திய கண்ணாடியிலோ மெல்லிய படலத்திலோ தெரியும் பிரதிபிம்பம். லண்டன் நாடக மேடை அதை 1862லேயே கண்டுவிட்டது.)

ஒளியை வளைக்க லென்சு வேண்டும். கண்ணாடி லென்சு தடிமனானது, கனமானது. நாளெல்லாம் மூக்கின்மேல் சுமக்க இயலாது. காகிதத்தினும் மெல்லிய படலம் ஒன்றே லென்சாக வேலை செய்தால்? அத்தகைய லென்சு இன்று இருக்கிறது. அதன் பெயரிலேயே ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது: பஞ்சரத்னம்-பெர்ரி லென்சு. ஒளியியல் ஆய்வுக்கூடங்கள் எங்கும் வழங்கும் அப்பெயருக்குரியவர் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் குறை.

சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்னம் 1934இல் கல்கத்தாவில் பிறந்தார். தாயார் சீதாலட்சுமி, சர் சி. வி. இராமனின் தங்கை. அதே 1934ஆம் ஆண்டில்தான் இராமன் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தை நிறுவி, அதன் ஆய்விதழையும் தொடங்கினார். நம் நாட்டில் செய்த ஆராய்ச்சி நம் நாட்டு இதழிலேயே வெளிவர வேண்டும் என்பது அவரது பிடிவாதம். மருமகனின் வாழ்வில் இந்தப் பிடிவாதம் என்ன செய்தது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தாய்மாமனிடமே பஞ்சரத்னம் மாணவராகச் சேர்ந்தார். அவர் கையில் எடுத்தது படிகங்களை. அயோலைட் என்னும் ஊதா நிறக் கல்லின் வழியே ஒளியைச் செலுத்தி, அதில் தோன்றும் வண்ண வளையங்களின் காரணத்தை ஆராய்ந்தார். வேறு வேறு தளவிளைவு நிலைகளில் உள்ள இரு ஒளிக்கதிர்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழுந்தது.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒளி அலை நேர்கோட்டில் அதிரலாம்; வலமாகவோ இடமாகவோ சுழலலாம். இவையே தளவிளைவு நிலைகள். எல்லா நிலைகளையும் ஒரு கோளத்தின்மேல் புள்ளிகளாகக் குறிக்கலாம் என்று போன்கரே என்ற பிரெஞ்சுக் கணித மேதை காட்டியிருந்தார். வடதுருவத்தில் ஒருபுறம் சுழலும் ஒளி, தென்துருவத்தில் மறுபுறம் சுழலும் ஒளி, நடுக்கோட்டில் நேராக அதிரும் ஒளி என்று கொள்வோம். இரு கதிர்கள் சேரும்போது வெளிச்சம் எப்போது மிக அதிகமாகிறதோ அப்போது அவை ஒத்த கட்டத்தில் உள்ளன என்று பஞ்சரத்னம் வரையறுத்தார். இதில் ஒரு விந்தை. முதற் கதிர் இரண்டாவதோடு ஒத்துப்போகிறது. இரண்டாவது மூன்றாவதோடு ஒத்துப்போகிறது. ஆயினும் மூன்றாவது முதலாவதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை! அந்த வேறுபாடு எவ்வளவு? கோளத்தில் அம்மூன்று புள்ளிகள் அடைக்கும் முக்கோணத்தின் பரப்பில் சரிபாதி. கடந்த தூரத்தாலோ கடந்த நேரத்தாலோ வராமல், சென்ற பாதையின் வடிவத்தால் மட்டுமே வரும் கட்டம் அது. 1956இல் இக்கட்டுரை மேற்சொன்ன கழகத்தின் இதழில் வந்தது. எழுதியவருக்கு வயது 22.

உலகம் அதைப் படிக்கவில்லை.

1961இல் அவர் மைசூர்ப் பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். அண்ணன் சந்திரசேகர் அங்கே பௌதிகப் பேராசிரியர். (நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர் இவரல்லர், அவரும் இதே குடும்பம்தான்.) 1964இல் பஞ்சரத்னம் ஆக்ஸ்போர்டு சேர்ந்து, அணுக்களும் ஒளியும் ஒன்றையொன்று பாதிக்கும் விதத்தை ஜார்ஜ் சீரீஸ் என்பவரோடு ஆராய்ந்தார். 1969இல் நோய் அவரைக் கொண்டு போயிற்று. வயது 35. மாமன் இராமன் மறுவருடம் மறைந்தார். சீரீஸ் அவருடைய கட்டுரைகளைத் தொகுக்க, 1975இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அச்சகம் நூலாக வெளியிட்டது.

1984இல் மைக்கேல் பெர்ரி என்ற ஆங்கில விஞ்ஞானி, குவாண்டம் இயலில் இதே போன்று பாதையின் வடிவத்தால் வரும் கட்டத்தைக் கண்டு பெரும் புகழ் பெற்றார். இது ஒளியில் முன்பே கண்டதல்லவா என்று 1986இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எடுத்துக்காட்டியவர்கள் பெங்களூர் விஞ்ஞானிகள் இராமசேஷனும் இராஜாராம் நித்தியானந்தாவும். பெர்ரி பெருந்தன்மையாளர், 1987இல் தாமே ஒரு கட்டுரை எழுதிப் பஞ்சரத்னத்திற்கு உரியதை அவருக்கு அளித்தார். கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்திருந்தால் முப்பதாண்டு உறங்கியிருக்காது என்பார் உண்டு. இருக்கலாம். ஆனால் நம் இதழில் இருந்த கட்டுரையை நம்மவர்களேனும் எடுத்துப் பேசியிருக்கலாமே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இனி லென்சுக்கு வருவோம். சாதாரண லென்சு நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, தடிமன் வேறுபாட்டால் ஒளியை முன்பின்னாக்குகிறது. பஞ்சரத்னம்-பெர்ரி லென்சு எங்கும் ஒரே தடிமன். சில மைக்ரான் அளவே. அதிலுள்ள திரவப் படிக மூலக்கூறுகள் இடத்துக்கு இடம் வேறு கோணத்தில் திரும்பி நிற்கின்றன. சுழல் ஒளி அதன் வழியே போகையில் கோளத்தின் வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்குச் செல்கிறது. எந்தத் தீர்க்கரேகை வழியாக என்பதை மூலக்கூறின் கோணம் நிர்ணயிக்கிறது. இரு தீர்க்கரேகைகளுக்கு இடைப்பட்ட பரப்பில் பாதிதான் கட்ட வேறுபாடு. கோணம் 180 டிகிரி திரும்பினால் ஒரு முழு அலை வேறுபாடு கிடைக்கிறது. அதே படலம் ஒருபுறம் சுழலும் ஒளியைக் குவிக்கும், மறுபுறம் சுழலும் ஒளியை விரிக்கும்.

ஒரு படலம் இரு நிலை என்றால் ஆறு படலங்களை அடுக்க 64 நிலைகள். 2019இல் பேஸ்புக் நிறுவனம் காட்டிய ஒரு சோதனைத் தலைக்கருவி இவ்விதம் ஆறு திரவப் படிக லென்சுகளைக் கொண்டு, நகரும் உறுப்பு எதுவுமின்றி, படத்தை 64 வெவ்வேறு தூரங்களில் நிறுத்தியது. அதில் கண்ணருகே சிறு திரை இன்னும் இருந்தது. திரையே இல்லாமல் லேசர்க் கதிரால் படம் வரையும் கண்ணாடிகளிலும் இத்தகைய படலங்களைப் பொருத்தும் ஆராய்ச்சி நடக்கிறது.

அண்ணன் சந்திரசேகர் பிற்காலத்தில் புகழ் பெற்றது எதில் தெரியுமா? திரவப் படிகத்தில்! தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977இல் பெங்களூரில் அவர் குழு கண்டது. தம்பியின் கணக்கும் அண்ணன் ஆராய்ந்த பொருளும் ஒரே படலத்தில் கூடுமென்று இருவரில் எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அண்ணன் 2004 வரை வாழ்ந்தார்.

அந்த 1956ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்று கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். நம் இளநிலைப் பௌதிக மாணவர்களுக்குக் கோள முக்கோணக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால் முதற் சில பக்கங்கள் நன்றாகவே எட்டும்.