பேராசிரியர் டூபாய்ஸ்: ஆய்வேடும் செய்தித்தாளும்

ஆய்வாளரும் இதழாளரும் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் ஒருவரை ஒருவர் ஐயுற்று நோக்குவது கல்வியுலகில் நெடுநாளைய வழக்கம். இதழ்களில் எழுதும் பேராசிரியரை அவருடைய உடன்பணியாளர்களே சற்றுக் குறைத்து மதிப்பதை நாம் கண்டிருக்கிறோம். இவ்விரு பணிகளையும் ஒரே வாழ்வில் ஏற்று, ஒன்றுக்காக மற்றொன்றை இருமுறை துறந்து, இரண்டினாலும் துன்புற்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றோம். அவர் அமெரிக்கக் கறுப்பினப் பேரறிஞர் வில்லியம் எட்வர்டு பர்க்கார்ட் டூபாய்ஸ்.

பெயரைப் பற்றி முதலிலேயே ஒரு சொல். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைக் கண்டு இவர் பெயரை டுபுவா என்று எழுதுவோர் உளர். தம் பெயரின் இறுதியைப் பாய்ஸ் என்றே ஒலிக்க வேண்டும் என அவரே வற்புறுத்தி வந்தமையால் நாமும் அவ்வாறே எழுதுகின்றோம்.

டூபாய்ஸ் 1868-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தந்தையார் குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தை விட்டு அகன்றார். வறுமையிலும் உடல்நலிவிலும் தாயாரே வளர்த்தார். பள்ளியில் பயிலும்போதே நியூயார்க்கில் கறுப்பினத்தவர் நடத்திய ‘குளோப்’ என்னும் இதழுக்குத் தம் ஊர்ச் செய்திகளை எழுதி அனுப்பி வந்தார். ஆகவே பேராசிரியர் ஆவதற்கு முன்பே அவர் செய்தியாளர் ஆகிவிட்டார் எனலாம்.

தாயார் மறைந்தபின், 1885-இல் தென்மாநிலமாகிய டென்னசியின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் அம்மாநிலத்தின் உட்கிராமங்களில் பள்ளி ஆசிரியராகப் பணி செய்தார். மரக்குடில் ஒன்றில், நேற்றைய அடிமைகளின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த அந்நாட்கள்தாம் தென்னாட்டைப் பற்றிய அவருடைய முதற்பாடம். பின்னர் ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்றார். 1895-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. அமெரிக்காவிற்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்த வணிகம் எவ்வாறு தடுக்கப்பட்டது என்பது பற்றிய அவருடைய ஆய்வேடு, 1896-இல் ஹார்வர்டு வரலாற்று நூல்வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது.

இத்தகைய தகுதியுடையவருக்கு வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் பேராசிரியப் பதவி தரவில்லை. பென்சில்வேனியப் பல்கலைக்கழகம் ஃபிலடெல்ஃபியா நகரக் கறுப்பின மக்களைப் பற்றி ஆராய அவரை அமர்த்தியதே தவிர, மாணவர்க்குப் பாடம் நடத்தும் வாய்ப்பை அளிக்கவில்லை. புதுமணத் தம்பதியராக அந்நகரின் ஏழாம் வட்டத்தில் குடியேறி, ஏறத்தாழ 2,500 வீடுகளின் கதவுகளைத் தாமே தட்டி, குடும்பம், தொழில், வாடகை, கல்வி, நோய் ஆகியவற்றைக் கேட்டெழுதினார். 1899-இல் அது நூலாயிற்று. அந்நாளில் அவருக்கு ஓர் உறுதியான நம்பிக்கை இருந்தது. இனவெறுப்பிற்குக் காரணம் அறியாமையே. உண்மைகளைத் திரட்டிப் புள்ளிவிவரங்களோடு உலகத்தின்முன் வைத்தால் வெறுப்பு தானே விலகும் என்பதே அது. ஆய்வு செய்யப் புகும் எவரும் ஒரு காலத்தில் இந்நம்பிக்கையைக் கொண்டிருப்பர். அவரிடத்தில் அது எவ்வாறு உடைந்தது என்பதே அவர் வாழ்வின் திருப்பமாகும்.

1897 முதல் அவர் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். ஆண்டுதோறும் ஒரு பொருளைத் தேர்ந்து, ஆய்வு மாநாடு கூட்டி, அதன் அறிக்கையை வெளியிட்டு வந்தார். 1899 ஏப்ரலில் அம்மாநிலத்தில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி, நில உடைமையாளர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். நாளேடுகள் பழியை மேலும் பெருக்கி எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தன. வழக்கின் உண்மைகளை அமைதியாக எடுத்துரைத்து ஓர் அறிக்கை எழுதிய டூபாய்ஸ், அதனை ‘அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷன்’ நாளிதழின் ஆசிரியர்குழுவைச் சேர்ந்த எழுத்தாளர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிசிடம் நேரில் தரப் புறப்பட்டார். வழியிலேயே ஒரு செய்தி அவரை எட்டியது. சாம் ஹோசைக் கும்பல் ஒன்று உயிரோடு எரித்துக் கொன்றுவிட்டது. அவருடைய விரல் எலும்புகள் அதே தெருவில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்பதே அச்செய்தி. அவர் நாளிதழ் அலுவலகத்திற்குச் செல்லவில்லை. கையிலிருந்த தாளோடு திரும்பிவிட்டார்.

அதற்கடுத்த மாதமே அவருடைய ஒன்றரை வயது மகன் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். அந்நகரில் கறுப்பின மருத்துவர் மிகச் சிலரே. வெள்ளை மருத்துவரோ கறுப்பினக் குழந்தையைப் பார்க்க வாரார். இவ்விரு மரணங்களுக்குப் பின்னரும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. ஆனால் மனிதர் எரிக்கப்படும் ஊரில் இருந்துகொண்டு, உணர்ச்சி கலவாத ஆராய்ச்சியாளராக மட்டும் இருத்தல் இயலாது என்பதை உணர்ந்தார்.

1903-இல் வெளிவந்த ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் கட்டுரைத் தொகுதி இம்மாற்றத்தின் விளைவு. அதில் ஜார்ஜியாவின் டகர்ட்டி வட்டத்தைப் பற்றி அவர் எழுதியுள்ள பகுதி வட்டார வரலாற்றுக்கு ஓர் இலக்கணம் என்று நாம் கருதுகின்றோம். அம்மண்ணின் பழங்குடிகள் விரட்டப்பட்டமை, அடிமைகளைக் கொண்டு பருத்தி விளைவித்தமை, விடுதலைக்குப் பின் அதே மக்கள் வாரத்திற்கு உழுது, விளைச்சலைக் கடைக்காரரிடம் அடகுவைத்து, ஆண்டு முடிவில் கடனோடு நின்றமை எல்லாம் ஒரு வண்டிப் பயணத்தின் போக்கில் சொல்லப்படுகின்றன. அதே நூலில், அரசியல் உரிமையை ஒத்திவைத்துத் தொழிற்கல்வியைப் பற்றிக்கொள்ளுமாறு கூறிய புக்கர் வாஷிங்டனை மரியாதை குன்றாமல் மறுத்தார். வாஷிங்டன் செல்வர்களின் நன்மதிப்பைப் பெற்றவர். அவரை மறுத்தவரை வைத்திருக்கும் பல்கலைக்கழகத்திற்கு நன்கொடை வருவது அரிதாயிற்று.

இன்னோர் இழப்பையும் சொல்ல வேண்டும். 1906-இல் அலபாமாவின் லௌண்டஸ் வட்டத்தில் நிலவுடைமை, கூலி, கடன் ஆகியவற்றை வீடு வீடாக ஆராய்ந்து, நடுவணரசின் தொழிலாளர் துறைக்கு விரிவான அறிக்கை அளித்தார். அரசியல் சார்ந்த செய்திகள் அதில் இருப்பதாகக் கூறி வெளியிட மறுத்த அத்துறை, பின்னர் அதனை அழித்தும் விட்டது. ஆண்டுக்கணக்கில் ஆய்வேடு எழுதியோர் இவ்விடத்தைக் கடந்து செல்வது எளிதன்று. அவ்வாய்வில் இருந்தபோதுதான் அட்லாண்டாவில் கறுப்பின மக்கள்மீது வெறித்தாக்குதல் நிகழ்ந்தது. மனைவியும் மகளும் இருந்த அந்நகருக்கு அவர் இரயிலேறி விரைந்தார்.

1910-இல் பேராசிரியப் பதவியை விட்டு நியூயார்க் சென்றார். அதற்கு முந்திய ஆண்டு தோன்றிய, கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தின் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு நவம்பரில் ‘தி கிரைசிஸ்’ என்னும் திங்களிதழ் 1,000 படிகளோடு வெளிவந்தது. 1919 அளவில் விற்பனை 1,00,000-ஐக் கடந்தது. கும்பல் கொலைகளின் கணக்கை ஆண்டுதோறும் அச்சிட்ட அதே இதழ், பட்டம் பெற்ற இளைஞர்களின் நிழற்படங்களையும் குழந்தைகளின் முகங்களையும் பெருமையோடு வெளியிட்டது. லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் பெருங்கவிஞரின் தொடக்க காலக் கவிதைகளுக்கும் அதுவே களமாயிற்று. 1917-இல் கிழக்கு செயின்ட் லூயிசில் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புகள் தீக்கிரையானபோது, டூபாய்சே நேரில் சென்று பாதிக்கப்பட்டோரின் வாய்மொழிகளைத் திரட்டினார். ஃபிலடெல்ஃபியாவில் கற்ற அதே ஆய்வுமுறைதான். ஆனால் இம்முறை படித்தோர் இலட்சக்கணக்கினர்.

நம் நாட்டோடும் அவ்விதழுக்குத் தொடர்பு உண்டு. லாலா லஜபதிராய் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது டூபாய்சின் நண்பரானார். 1929-இல் காந்தியடிகள் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அனுப்பிய செய்தி ‘தி கிரைசிஸ்’ இதழில்தான் வெளிவந்தது.

இதழாசிரியரின் சறுக்கலையும் மறைத்தல் முறையன்று. 1918-இல் போர் முடியும்வரை குறைகளை மறந்து வெள்ளையரோடு தோள்சேர்ந்து நிற்குமாறு தம் மக்களுக்கு அறிவுரை எழுதினார். அப்போது இராணுவத்தில் கேப்டன் பதவி ஒன்று அவருக்குப் பேசப்பட்டு வந்தமையால், அவ்வெழுத்தின் நோக்கம் ஐயத்திற்கு உள்ளாயிற்று. பதவியும் கிட்டவில்லை. ஓராண்டிற்குள் பிரான்சுக்குச் சென்று, கறுப்பின வீரர்கள் நடத்தப்பட்ட கொடுமையை அறிந்து, திரும்பியதும் கடுமையாக எழுதினார். நாள் குறித்து இதழ் நடத்துபவர் தம் கருத்தை ஊர் அறிய மாற்றிக்கொள்ள நேர்வது அத்தொழிலின் தண்டனை.

ஆங்கிலத்தில் நீக்ரோ என்னும் சொல்லைச் சிறிய முதலெழுத்தால் எழுதுவதே அக்கால வழக்கம். பெரிய எழுத்தால் எழுத வேண்டும் என்று டூபாய்ஸ் வாழ்நாளெல்லாம் வாதாடினார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு நம் மொழியில் இல்லை. ஆயினும் முதியவர் ஒருவரை வந்தார் என்னாது வந்தான் என்று எழுதினால் நமக்கு எவ்வாறு இருக்கும் என எண்ணிப் பார்த்தால் அவருடைய வாதம் விளங்கும். 1910-இல் அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் இதழ் அவர் கட்டுரையை வெளியிட்டபோது, அப்பெரிய எழுத்தை மட்டும் தர மறுத்துவிட்டது.

அக்கட்டுரையே அவருடைய தலைசிறந்த நூலுக்கு வித்து. உள்நாட்டுப் போருக்குப் பின், 1877 வரை நீடித்த மறுசீரமைப்புக் காலத்தில், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தென்மாநிலங்களில் வாக்களித்தனர்; சட்டமன்றங்களில் அமர்ந்தனர். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டன்னிங்கும் அவர்தம் மாணவரும் மாநிலம் மாநிலமாக வரலாறு எழுதி, அக்காலத்தை ஊழலும் அறியாமையும் ஆண்ட இருண்ட காலமாகச் சித்திரித்தனர். பாடநூல்கள் அதனையே ஒப்பித்தன. 1915-இல் திரைப்படமும் அதனையே காட்டியது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தமைக்கு அவ்வரலாறே நியாயமாக நின்றது.

1934-இல் கறுப்பின மக்கள் தமக்கெனத் தனி நிறுவனங்களை வளர்த்துக்கொள்ளலாம் என அவர் எழுதியது சங்கத்தின் கொள்கைக்கு முரணாயிற்று. சங்கத்தின் இசைவின்றி அதனை இதழில் விமரிசிக்கக் கூடாது என்றனர். அவர் பதவி விலகி, 66-ஆம் வயதில் அட்லாண்டா வகுப்பறைக்கே மீண்டார். அடுத்த ஆண்டே 700 பக்கங்களுக்கு மேற்பட்ட ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன்’ வெளிவந்தது. போர்க்காலத்தில் தோட்டங்களை விட்டு வெளியேறிய ஐந்து இலட்சம் அடிமைகளின் செயலை ஒரு மாபெரும் வேலைநிறுத்தம் என அதில் நிறுவினார். தென்மாநிலங்களில் எல்லோர்க்குமான இலவசப் பொதுக்கல்வியை வேரூன்றச் செய்தவை இழித்துரைக்கப்பட்ட அவ்வரசுகளே என்றும் காட்டினார். இறுதி இயலில், பள்ளிப் பாடநூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, வரலாறு எவ்வாறு பிரசாரமாகத் திரிக்கப்பட்டது என்பதை எடுத்துரைத்தார். அந்த இயலை இதழாளர் ஒருவரே எழுதியிருக்க முடியும் என்பது நம் துணிபு. மூல ஆவணங்களை அவர் மிகுதியாகப் பார்க்கவில்லை என்னும் குறை உண்மையே. முன்பு அவர் கட்டுரையை வெளியிட்ட அதே வரலாற்று இதழ், இந்நூலுக்கு அன்று ஒரு மதிப்புரையும் வெளியிடவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் அவர் பக்கம் வந்து சேர ஒரு தலைமுறை சென்றது. 1988-இல் இதே காலத்தைப் பற்றிப் பெருநூல் எழுதிய எரிக் ஃபோனர் டூபாய்சுக்குத் தாம் பட்ட கடனை மறைக்கவில்லை.

டன்னிங் பயிற்றுவித்த அதே கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரை பயின்றவர் அண்ணல் அம்பேத்கர். 1946-இல் அவர் டூபாய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். தாழ்த்தப்பட்ட மக்களுக்காகத் தாமும் அவ்வழியை நாட எண்ணியதாகத் தெரிவித்தார். டூபாய்ஸ் பரிவோடு மறுமொழி எழுதினார்.

முதுமை அவருக்கு அமைதி தரவில்லை. 1944-இல் பல்கலைக்கழகம் அவரை எதிர்பாராத வகையில் ஓய்வுபெறச் செய்தது. அணுகுண்டை எதிர்த்துக் கையொப்பம் திரட்டிய அமைப்பிற்குத் தலைமை தாங்கியமைக்காக, 1951-இல் அயல்நாட்டு முகவர் என்னும் குற்றச்சாட்டில் 82 வயது முதியவரின் கைகளில் விலங்கு பூட்டினர். சான்று இல்லையென நீதிபதி விடுவித்தார். ஆயினும் 1952 முதல் 1958 வரை கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அதனால் 1957-இல் கானா நாட்டின் விடுதலை விழாவிற்கு அழைப்பிருந்தும் செல்ல இயலவில்லை. தம் நாட்டின் அநீதியைக் கூர்ந்து கண்ட அக்கண், ஸ்டாலினின் கொடுமைகளைக் காணத் தவறியது என்பதையும் நாம் சொல்லியே ஆக வேண்டும்.

1961-இல் கானாவின் தலைவர் நிக்ருமாவின் அழைப்பை ஏற்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்க அக்ரா நகருக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு வயது 93. பணி முற்றுப்பெறவில்லை. 1963 ஆகஸ்டு 27-ஆம் நாள் அங்கேயே காலமானார். மறுநாள், வாஷிங்டனில் உரிமை கேட்டு இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டிருந்தனர். அம்மேடையில் அவருடைய மறைவை அறிவித்தவர் ராய் வில்கின்ஸ். 1934-இல் டூபாய்ஸ் விலகியபோது ‘தி கிரைசிஸ்’ ஆசிரியர் பொறுப்பை ஏற்றவரும் அவரே.